குச்சி மட்டும் வைக்கச் சொல்லு

"பூவு, இந்தப் போன்ல ஒண்ணு இருக்காமே. கேட்டா காராங்கான் எழுதிக் குடுக்குதாமே. அத எனக்கும் போட்டுக் குடு."

மலர்க்கா எங்கள் வீட்டு வாசலில் நின்று முதலில் சொன்னது இதுதான். 2024ஆம் ஆண்டு, பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மழைக்கோட்டைக் கழற்றி உதறி, கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்.

"என்ன காராங்கான் அக்கா?"

"மலாய்க் கட்டுரைதான். சனிக்கிழமை வகுப்புல சார் குடுக்கிறாரே, அது. முன்னூறு வார்த்தை வேணுமாம். எனக்கு முப்பது வந்தாப் பெரிசு."

"அதுவே எழுதிக் குடுத்துட்டா நீங்க எப்படிப் படிப்பீங்க?"

"ஐயோ, வந்துட்டாங்க டீச்சரம்மா. இன்னும் காலேஜுக்கே போகல, அதுக்குள்ள மெரட்டலு." என் அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நாளெல்லாம் கொழுந்து வெட்டுற மெஷின் பிடிச்சிட்டு வந்து பேனாவைப் பிடிச்சாக் கை உதறுதுடி. பேனா ஒரு பக்கம் போகுது, எழுத்து ஒரு பக்கம் போகுது. போன வாரம் எனக்கு நாப்பது மார்க்கு. பவளத்துக்கு எம்பது. ரெண்டு பேரும் ஒரே மெஷினைத்தான் பிடிக்கிறோம். அவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு மலாய்?"

"அப்ப பவளக்காவையே போட்டுத் தரச் சொல்லலாமே."

"அவகிட்டக் கேட்டா நாளைக்குக் காலைல பெரட்டுல வேலைக்குப் பேர் கூப்பிடறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் தெரிஞ்சிடும். நீ வாயைத் திறக்க மாட்டே. அதான் உன்கிட்ட வந்தேன்லா."

அது உண்மைதான். தோட்டத்து வீடுகள் வரிசையாக நிற்கும் அந்த லயத்தில் ஒரு விஷயம் வெளியே போகக்கூடாது என்றால் என்னிடம் சொல்லலாம் என்று எல்லாருக்கும் தெரியும். நான் அவருடைய கைப்பேசியை வாங்கி அந்தச் செயலியை இறக்கிக் கொடுத்தேன். சார் கொடுத்திருந்த தலைப்பு 'என் வேலையிடத்தில் ஒரு நாள்'. அதைத் தட்டியதும் எழுத்துகள் கடகடவென்று இறங்கின. மலர்க்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அடியே, மூச்சு விடாம எழுதுதே! இதுக்குக் கை வலிக்காதா?"

அம்மா சிரித்துவிட்டு மைலோ கலக்கப் போனார். மலர்க்கா ஒரு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து, அந்தக் கட்டுரையைத் தம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பார்த்து எழுதுவதில் அவர் கெட்டிக்காரர். எழுதியதைப் படித்துப் பார்க்கவில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது நான் ஈப்போவில் ஒரு கல்லூரி விடுதியில் இருக்கிறேன். இங்கே மின்விசிறி இரவும் பகலும் ஓடினாலும் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் மட்டும், கதவுக்குப் பின்னால் மழைக்கோட்டிலிருந்து சொட்டும் தண்ணீரும், தொழிற்சாலையிலிருந்து மலையேறி வரும் பச்சைத் தேயிலை வாடும் மணமும், அம்மாவின் மைலோவும் நினைவுக்கு வருகின்றன. அவற்றோடு மலர்க்காவும் வந்துவிடுகிறார்.

அவருடைய முழுப்பெயர் தவமலர். அன்று அவருக்கு முப்பத்தொன்பது வயது. பிரிஞ்சாங்குக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில்தான் பிறந்தார், அங்கேயே வளர்ந்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை வகுப்புத் தலைவி. வாய் ஓயாதவர் என்று அம்மா சொல்வார். பிறகு தானா ராத்தாவில் இடைநிலைப்பள்ளி. எல்லாம் மலாயில். தமிழ்ப்பள்ளியிலிருந்து போகிற பிள்ளைகள் முதலில் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். அந்த ஓராண்டில் மலர்க்கா பேச்சை நிறுத்தினார். பதினாறு வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியையும் நிறுத்தினார்.

இருபது ஆண்டு கழித்து நானும் அதே புகுமுக வகுப்பில் உட்கார்ந்தேன். எனக்கு முதலிலிருந்தே பேச்சு குறைவு என்பதால் நான் பேச்சை நிறுத்தியது யாருக்கும் தெரியவில்லை. பாடப் புத்தகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தே எப்படியோ கரையேறிவிட்டேன். இதைப் பற்றி நாங்கள் இருவரும் அதிகம் பேசியதில்லை. ஆனாலும் அவர் என்னிடம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மலர்க்காவுக்கு மலாய் தெரியாது என்று சொல்ல முடியாது. கூட வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர்களோடும் நேப்பாளத்துக்காரர்களோடும் மலையில் நாளெல்லாம் மலாயில்தான் பேசுவார், திட்டுவார், சிரிக்க வைப்பார். தாளில் எழுது என்றால்தான் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகிவிடுவார். கல்யாணத்துக்கு முன்பு அவருடைய விண்ணப்பப் பாரங்களைத் தோட்ட ஆபீஸ் கிராணி எழுதிக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் குகன் எழுதினார். குகன் அண்ணன் கியா பார்மிலிருந்து காய்கறி ஏற்றிப் போகும் லோரி ஓட்டுகிறவர். "கையெழுத்து மட்டும்தான் என்னோடது" என்று மலர்க்கா சொல்லிச் சிரிப்பார்.

அவர் திடீரென்று படிக்கக் கிளம்பியதற்குக் காரணம் கங்காணி வேலை. எங்கள் மலைகளில் இப்போது இருவர் சேர்ந்து பிடிக்கும் வெட்டு மெஷினால்தான் கொழுந்து எடுக்கிறார்கள். வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். எஞ்சின் இருக்கும் பக்கத்தைப் பிடிப்பவர்தான் வேகத்தையும் உயரத்தையும் பார்த்துக்கொள்வார். மலர்க்கா பத்து ஆண்டுகளாக எஞ்சின் பக்கம். எந்தச் சரிவில் கால் வழுக்கும், எந்த மூலையில் மழைக்குப் பிறகு மண் இறங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மேல் டிவிஷன் கங்காணி சின்னக்கருப்பன் அடுத்த ஆண்டு நடுவில் ஓய்வு பெறப்போகிறார் என்றதும், அந்த இடத்துக்கு மலர்க்காவைப் போடலாம் என்று தோட்ட மேலாளர் துரையே சொல்லிவிட்டார். சின்னக்கருப்பன் எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிடுவார்; ஆனால் இனி வரும் கங்காணி தினமும் ஆபீசுக்கு மலாயில் ரிப்போர்ட் எழுத வேண்டும். அதனால் எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வில் மலாய்த் தாளையாவது எழுதித் தேறிய சான்று வேண்டும். இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் வருவார். எங்கள் மலைக்கு அதுவரை ஒரு பெண் கங்காணியாக இருந்ததில்லை. ஆண்டு முடிவில் தேர்வு. மலர்க்கா தனித்தேர்வராகப் பதிந்துகொண்டார்.

அந்தப் பிப்ரவரிக்குப் பிறகு நான்கு கட்டுரைகள் அப்படியே போயின. எழுபத்தைந்து, எண்பது, எண்பத்திரண்டு என்று மதிப்பெண் ஏறியது. ஒவ்வொரு முறையும் நோட்டைத் திறந்து எனக்குக் காட்டிவிட்டுப் போவார்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நான் ஆறாம் படிவ டியூஷன் முடிந்து, மலர்க்காவோடு வீடு திரும்புவதற்காக அவர் வகுப்பின் பின்வரிசையில் காத்திருந்தேன். தானா ராத்தாவில் ஒரு கடைக்கு மேல்மாடி. மாணவர்கள் பதினொரு பேர், எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். பாடம் நடத்தும் ஜெகதீஸ்வரன் சார் பணி ஓய்வு பெற்றவர். அன்று அவர், "பழைய கட்டுரையிலிருந்து ஒரு நல்ல கட்டுரையைத் தவமலர் படிச்சுக் காட்டட்டும்" என்றார். 'என் வேலையிடத்தில் ஒரு நாள்' என்ற அந்த முதல் கட்டுரை.

மலர்க்கா எழுந்து நின்று கணீரென்று படித்தார். சூரியன் உதிக்கிறது. பெண்கள் மூங்கில் கூடைகளை முதுகில் மாட்டிக்கொண்டு பாட்டுப் பாடியபடி மலையேறுகிறார்கள். மெல்லிய விரல்களால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கூடையில் போடுகிறார்கள்.

"அக்கா, கூடையா?" பவளக்கா இரண்டாவது வரிசையிலிருந்து கேட்டார். "எந்தக் கடைல வாங்குனீங்க? எனக்கும் ஒண்ணு சொல்லுங்களேன். நாளைலேருந்து மெஷினை வீசிட்டு நானும் பாட்டுப் பாடிக்கிட்டே வாரேன்."

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. கட்டுரையில் வந்த ஒரு சொல்லைச் சொல்லி, "இதுக்கு என்ன அர்த்தம் தவமலர்?" என்று கேட்டார். மலர்க்கா நோட்டைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"தெரியல சார்."

"நீங்க எழுதினதுதானே?"

"ஆமா சார்."

சார் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

குகன் அண்ணனின் லோரியில் மூவரும் மலையேறினோம். பாதி வழி தாண்டினோம். பிறகு மலர்க்கா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பாட்டுப் பாடுறோமாம்லா. காதுல பஞ்சை அடைச்சிக்கிட்டு மெஷின் பிடிக்கிறவ நான். யாரு பாடி யாரு கேக்கிறது?"

குகன் அண்ணன் சிரித்தார். மலர்க்கா சிரிக்கவில்லை.

"பவளம் கேலி பண்ணுனது ஒண்ணும் இல்ல. அவளும் போனைக் கேட்டு எழுதுறவதான், அதே கூடைதான். சார் கேட்டப்ப நான் ஆமான்னு சொன்னேன் பாரு, அதான்."

இரண்டு வாரம் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தார். நான் கைப்பேசிக்குக் கையை நீட்டி, "அழிச்சிடவா அக்கா?" என்றேன்.

"எதுக்கு அழிக்கணும்? சாருக்குப் பதினொரு பேரு, வாரத்துல ரெண்டு மணி நேரம். எனக்குத் தப்புப் பார்த்துச் சொல்ல வேற யாரு இருக்கா? நீ உன் படிப்பைப் பார்ப்பியா, என்னைப் பார்ப்பியா?" கைப்பேசியை மேசைமேல் வைத்தார். "சின்னக்கருப்பன் மாமா குச்சி வைக்கிறது உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. தோட்டத்தில் பிறந்தும் நான் ஒரு நாளும் மலைக்கு வேலைக்குப் போனதில்லை. அவர் சொன்னார். மெஷின் போன வரிசையில் கங்காணி பின்னால் நடந்து வருவார். எங்கேயாவது கொழுந்து மிச்சம் இருந்தாலோ, செடியை ஆழமாக வெட்டியிருந்தாலோ கத்த மாட்டார். ஒரு குச்சியை ஒடித்து அந்தச் செடியின் நடுவில் நட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். மெஷின் பிடித்தவர்கள்தான் திரும்பி வந்து, குச்சி இருக்கும் இடத்தில் நின்று, கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு குச்சியைப் பிடுங்கிப் போட வேண்டும்.

"புதுசுல நான் அவரை வாய்க்கு வந்தபடி ஏசுவேன். சொல்லித் தொலைச்சா என்னன்னு. ஒரு தடவை அரை மணி நேரம் நின்னேன் பூவு. கொழுந்து மிச்சமில்ல, ஆழமும் இல்ல. அப்புறம்தான் பார்க்கிறேன், மேடு வர்ற இடத்துல நான் மெஷினைச் சாய்ச்சுப் பிடிக்கிறேன். அன்னைக்கு அவரு சொல்லியிருந்தா அந்தச் செடியை மட்டும்தான் சரி பண்ணியிருப்பேன்." கைப்பேசியை என் பக்கம் தள்ளினார். "இவனையும் அப்படிச் செய்யச் சொல்லு. எழுதிக் குடுக்க வேணாம், திருத்த வேணாம். குச்சி மட்டும் வைக்கச் சொல்லு."

அன்று அவர் சொந்தமாக எழுதி வந்திருந்தது ஏழு வரிகள். வேலை முடிந்த பிறகும் மெஷினின் நடுக்கம் விரலை விட்டுப் போகாமல் இருப்பதைப் பற்றி. தேநீர்க் குவளையைப் பிடித்தால் தேநீரில் சுழி விழுகிறது என்று எழுதியிருந்தார். நான் அதைத் தட்டி, தப்பு இருக்கும் வரியின் எண்ணை மட்டும் சொல், வேறு எதுவும் சொல்லாதே என்று மலாயில் கேட்டேன். சரி என்று எண்களைச் சொன்னது. அதற்குக் கீழே திருத்திய கட்டுரை முழுவதையும் கொடுத்தது.

மலர்க்கா சட்டென்று உள்ளங்கையால் திரையை மூடினார். "பாரேன், வேணாம் வேணாம்னு சொல்றேன், வாயில ஊட்டுதே!"

மறுபடி சொன்னேன். அது மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இந்த முறை எண்களோடு ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் கொடுத்தது. மூன்றாவது தடவைதான் எண்கள் மட்டும் வந்தன: இரண்டு, ஐந்து, ஆறு. கடைசியில், மேம்பட்ட வடிவம் ஒன்று எழுதித் தரட்டுமா என்று கேட்டது.

"என்ன கேக்குது?"

"நல்லா எழுதித் தரவான்னு கேக்குது அக்கா."

"வேணாம் தம்பின்னு சொல்லு. மரியாதையாக் கேக்குது, நாமளும் மரியாதையாச் சொல்லுவோம்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அது கேட்டது, ஒவ்வொரு ஞாயிறும் அவர் வேண்டாம் என்றார். பிறகு என்னை விட்டுவிட்டுத் தாமே குரலில் பேசப் பழகிக்கொண்டார். மலையில் பேசும் அதே மலாய். நான் ஒரு மூலையில் என் பாடத்தைப் படித்துக்கொண்டிருப்பேன். அவர் எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் ஒரு வரிக்கு ஒரு மணி நேரம். எழுபத்தைந்தும் எண்பதும் போய் மதிப்பெண் முப்பத்தைந்துக்கு இறங்கியது. பவளக்கா வகுப்பை விட்டு நின்றுவிட்டார்.

ஒரு நாள் குகன் அண்ணன் அவரைக் கூட்டிப் போக வந்து வாசலில் நின்றபடி கேட்டார்: "எதுக்கு இவ்ளோ கஷ்டம்? கங்காணியான பிறகு ரிப்போர்ட்டையும் அதுவே எழுதிடுமே."

"எழுதட்டும்லா. பத்தாம் நம்பர் மலைல மண்ணு சரிஞ்சிருக்குன்னு அதுக்குத் தெரியுமா? நான்தானே சொல்லணும். நான் சொல்றதை அது அழகாக்கிக் குடுக்கும். அழகாக்குனதுல நான் சொன்னது இருக்கா, இல்ல கூடையைத் தூக்கிக்கிட்டுப் பாட்டுப் பாடுதான்னு யாரு பார்க்கிறது? நீங்க பார்ப்பீங்களா?"

"நான் ஏன் பார்க்கிறேன், லோரியைப் பார்க்கவே நேரமில்ல," என்று அவர் பின்வாங்கிவிட்டார்.

ஆகஸ்டு மாதத்தில் நடந்த ஒன்றை நான் மறக்கவில்லை. அது நான்காம் வரிக்குக் குச்சி வைத்தது. மலர்க்கா பார்த்தார், படித்தார், எழுந்து போய் வாசலில் நின்று மழையைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி படித்தார். என்னிடம் கேட்கவில்லை. கடைசியில் பென்சிலை வைத்தார்.

"இதுல தப்பே இல்ல பூவு."

நானும் பார்த்தேன். எனக்கும் தப்புத் தெரியவில்லை, ஆனால் அந்தச் செயலி சொல்லும்போது இருக்கத்தானே வேண்டும் என்று தோன்றியது. அப்படியே சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை சாரிடம் கொண்டுபோய்க் காட்டினார். சார் இரண்டு முறை படித்துவிட்டு, வரி சரி என்றார்.

அந்த வாரம் முழுவதும் மலர்க்கா லயத்தில் நடந்த நடையே வேறு. "கங்காணியே குச்சியை மாத்தி நட்டுட்டான்டி!" என்று என் அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு மொழியிலும் படித்தவள் நான்தான்.

தேர்வு நாளன்று பனிமூட்டம். குகன் அண்ணனின் லோரியில் முட்டைக்கோஸ் கூடைகளுக்கு முன்னால் உட்கார்ந்து போனார். திரும்பி வந்து, "கடைசி வரி வரைக்கும் எழுதிட்டேன்" என்று மட்டும் சொன்னார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் முடிவு வந்தது. மலாயில் டி. தேர்ச்சி. இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால் சி கிடைத்திருக்கும் என்று சார் வருத்தப்பட்டார். மலர்க்கா வருத்தப்படவில்லை. அந்தத் தாளை நெகிழி உறையில் போட்டு ஆபீசுக்கு எடுத்துப்போய்க் காட்டிவிட்டு, அதே கையோடு சின்னக்கருப்பன் மாமா வீட்டுக்கும் போய்க் காட்டினார். மாமா தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றாராம். ஜூலையில் மலர்க்கா கங்காணியானார்.

அதே மாதம் நான் ஈப்போவுக்கு வந்தேன்.

இங்கே வாரத்துக்கு இரண்டு கட்டுரை. ஒன்று மலாயில், ஒன்று தமிழில். முதல் மாதம் நானே எழுதி, பிழை பார்க்க மட்டும் அந்தச் செயலியிடம் கொடுத்தேன். பிறகு எப்படித் தொடங்குவது என்று கேட்டேன். பிறகு பத்திகளைக் கேட்டேன். எந்த வாரத்தில் எது மாறியது என்று யோசித்துப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. மதிப்பெண்கள் நன்றாகவே வந்தன. யாரும் என்னை எழுப்பி நிறுத்திப் படித்துக் காட்டச் சொல்லவில்லை.

தீபாவளி விடுமுறை முடிந்து நான் திரும்பிய நாளன்று, மலர்க்கா தானா ராத்தா பேருந்து நிலையத்துக்கு வந்திருந்தார். கங்காணியின் தொப்பியோடு, கால்சட்டையில் சிவப்பு மண்ணோடு, ஒரு பை நிறையக் காய்கறியும் முறுக்கும் கொண்டுவந்தார். பேருந்துக்கு இருபது நிமிடம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தோம். மேல் டிவிஷன் கதைகளைச் சொன்னார். ரிப்போர்ட் எழுத முதலில் ஒன்றரை மணி நேரமானது, இப்போது முக்கால் மணி என்றார். பவளக்கா இப்போது எஞ்சின் பக்கம், வாயும் எஞ்சினும் ஒரே சத்தம் என்றார். நான் சிரித்தேன்.

பிறகு கேட்டார்: "அங்க உனக்கு என்ன வேலை? ரொம்ப எழுதணுமோ?"

"ஆமா அக்கா. வாரத்துக்கு ரெண்டு கட்டுரை."

"நீதான் எழுதுறியா?"

நான் பையின் வாரைச் சரிசெய்தேன். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். அவர் கொண்டுவந்த முறுக்கை எடுத்துப் பைக்குள் வைத்தேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை. எதிரே ஓட்டுநர் பேருந்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் மலர்க்கா என் பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, படிக்கட்டில் நின்ற என்னை அண்ணாந்து பார்த்தார்.

"பூவு, அடுத்த தடவை வரும்போது நீ எழுதுனது ஒண்ணு கொண்டா. சின்னதா இருந்தாப் போதும். எனக்குப் படிச்சுக் காட்டு."

"தமிழ்லயா அக்கா, மலாய்லயா?"

"எதுல எழுதுனா உனக்கு மெதுவா வருமோ, அதுல."